பெயரும் தொழிலும்

கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மானியரான ஹெர்மன் ஷூல்ட்செ. 1849-ஆம் ஆண்டில் டெலிட்ஷ் என்னும் தம் ஊரில் கைத்தொழிலாளரை ஒன்று சேர்த்து, மூலப்பொருள் வாங்கும் சங்கம் கண்டவர் அவர். 'ஷூல்ட்செ' என்பது ஊர்த்தலைவரைக் குறித்த பதவிப் பெயராகும். அப்பெயருடையார் பலராயிருந்தமையால், அவரைப் பிரித்தறிய ஊர்ப்பெயரையும் சேர்த்து 'ஷூல்ட்செ-டெலிட்ஷ்' என்று வழங்கலாயினர்.

அந்நாட்டில் தொழிலால் வந்த குடும்பப் பெயர்கள் மிகுதி. இடைக்காலத்தில் நகரங்கள் பெருகியபோது, ஒரே பெயருடையாரை அடையாளங்காணத் தொழிலையும் சேர்த்து அழைத்தனர். நாளடைவில் அது மக்களுக்கும் பேரருக்கும் இறங்கிற்று. 'வேபர்' என்றால் நெசவாளர், 'பவுவர்' உழவர், 'ஃபிஷர்' மீனவர். ஆயினும் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் (1864-1920) தறியில் அமர்ந்தவரல்லர். தொழில் நீங்கிப் பெயர் மட்டும் எஞ்சிற்று.

தமிழ்நாட்டிலோ பெயருக்கு முன் நிற்பது பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்தே. தொழில் குடும்பப் பெயராகாமல் குலத்தோடு ஒட்டிக்கொண்டது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது, பலர் விட்டனர். ஆனால் பெயரினின்று நீங்கியது வாழ்க்கையினின்று நீங்கிவிடவில்லை என்பதைப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் காண்கிறோம்.

அங்குப் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. ஏரியில் இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் இன்னார் இன்ன நாளில் வலையிடலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டணவர் தலைக்கட்டுகளுக்கு வழிவழியாக வந்த உரிமை இது. பூசலின்றி ஏரியைப் பங்கிட்டுக்கொள்ள இம்முறை பெரிதும் உதவியிருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை.

எனினும், ஆழமில்லா நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அதே ஏரியை நம்பியே பிழைக்கின்றன. பிறவுந் தொழில் செய்து வந்து, பின்னர் வலையெடுத்தவர்களும் உளர். இவர்கள் செய்வதும் மீன்பிடித் தொழிலே. பாட்டில் பங்கு மட்டும் இல்லை. ஏரியின் வளம் குறையுங்காலத்தில் 'மீனவர் யார்?' என்னும் வினா சொல்லாராய்ச்சியாக நிற்பதில்லை. அன்றைய அடுப்பெரிவதைப் பற்றியதாகிவிடுகிறது.

நம் சங்கங்களுக்கு இதிலொரு பாடம் உண்டு. தறியே இல்லாதவர் நெசவாளர் பட்டியலில் இருப்பதும், நாள்தோறும் நெய்பவர் அதற்கு வெளியே நிற்பதும் முறையன்று. அங்கத்தினரைச் சேர்க்கும்போது பிறப்பையும் பெயரையும் பாராமல், கை செய்யும் தொழிலைப் பார்த்துப் பதிவோமாக.