உள்ளங்கால் மச்சம்

பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி இருக்கும். இடது கன்னத்தில் ஒரு கறுப்பு மச்சம், வலது முழங்கையில் ஒரு மச்சம் என்று எழுதித் தருவார்கள். மச்சம் மாறாது என்கிற நம்பிக்கை அது, பெரும்பாலும் பொய்ப்பதில்லை. உள்ளங்கால் மச்சத்தை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆட்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தோலுக்கு நிறம் தருபவை மெலனோசைட் செல்கள். வெள்ளைக்காரருக்கும் கரிசல்காட்டுச் சம்சாரிக்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் மணிகள்தான் வேறு. நம் தோலில் அவை பெரிதாக, நிறைய இருக்கும். செல்லின் உட்கருவுக்கு மேலே திரண்டு புற ஊதாக் கதிரை மறிக்கும். மெலனோசைட்டுகள் ஓரிடத்தில் கூடினால் மச்சம். கட்டுமீறிப் பெருகினால் மெலனோமா என்னும் புற்றுநோய். ஆஸ்திரேலியாவில் இது சர்வ சாதாரணம். இந்தியாவிலோ ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவு.

ஆனால் நமக்கு வரும்போது அது வெயில் படாத இடமாகப் பார்த்து வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்ததும் இதுதான். கால்பந்து ஆடிய காயம் என்று முதலில் நினைத்தார்கள். 1981 மே 11 அன்று, 36 வயதில் இறந்துபோனார். இந்த வகைக்கு வெயில் காரணமில்லை. குதிகால், முன்பாதம் என உடல் எடை இறங்கும் இடங்களில் அதிகம் வருவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள்.

நம் ஊரோ சீமைக்கருவேல முள் மண்டிய ஊர். முள் ஒடிந்த இடம் கறுப்பது வழக்கம். மெலனோமாவின் கறுப்பையும் அதுவென்றே நினைத்து எருக்கம்பால் வைக்கிறோம், ஊக்கால் நோண்டுகிறோம், காலாணி என்று பிளேடால் சீவுகிறோம். வலியும் இருக்காது. மாதங்கள் ஓடிவிடுகின்றன.

உள்ளங்கால் தோலை டெர்மாஸ்கோப் என்னும் விளக்குப் பொருத்திய உருப்பெருக்கியில் பார்த்தால், உழுத கரிசலைப் போலச் சாலும் மேடுமாகத் தெரியும். சாதாரண மச்சத்தின் கறுப்பு பெரும்பாலும் சால்களில் ஓடும். மெலனோமாவின் கறுப்போ, வியர்வைத் துளைகள் திறக்கும் மேடுகளில் ஏறி நிற்கும். தோலைக் கீறாமலே இத்தனை தெரிவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வெறுங்கண்ணுக்கும் அடையாளங்கள் உண்டு. ஒரு பாதி மறுபாதியைப் போல இராது, ஓரம் பிசிறடிக்கும், கறுப்பு, பழுப்பு, நீலம் என நிறம் கலங்கும், மாதத்துக்கு மாதம் வளரும். கறுத்த தோல்காரர்களுக்குப் பல நகங்களில் கறுங்கோடு இருப்பது இயல்பு. ஒரே நகத்தில் ஒரு கோடு அகன்று, சுற்றுத் தோலுக்கும் கறுப்பு வழிந்தால்தான் தாமதிக்கக் கூடாது.

எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-இல் இதை மில்லிமீட்டரில் அளந்து காட்டினார். 1 மி.மீ.க்குள் என்றால், வெட்டி எடுப்பதோடு பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆழத்தை அளக்கத் தோல் துண்டு முழுசாக வேண்டும். மச்சத்தைச் சுண்ணாம்பு வைத்துப் பொசுக்கிவிட்டு மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போனால், நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.