கரும்பு ரகத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு அருகே, கடலூரில்தான் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து எத்தனையோ ரகங்கள் வந்துவிட்டன. ஆனாலும் தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் பல ஆண்டுகளாகக் கோலோச்சுவது, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தந்த கோ 86032 என்ற ஒற்றை ரகம். 2000-இல் வெளியான இது நல்ல ரகம்தான். எடை நிற்கும், மறுதாம்பும் நன்றாக வரும். ஆனால் ஒரே ரகம் பரவியதற்கு விவசாயியின் விருப்பம் மட்டும் காரணமில்லை.

முதலில் விலையைப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதாய விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம்) டன்னுக்கு 3,550 ரூபாய். இந்தக் கட்டுமானம் ஆலையின் சராசரியாகக் கணக்கிடப்படுவது. தனி வயலுக்கு அல்ல. 9.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 3,290.50 ரூபாய்க்குக் குறையாது. ஆக, இனிப்பு மிகுந்த ரகம் வைத்தவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் டன் விலை ஒன்றுதான். எடை தரும் ரகத்தைத் தவிர வேறு எதை அவர் நடுவார்?

அடுத்து கடன். கரும்பை ஆலையில் பதிவு செய்தால் வங்கிக் கடனும் விதைக்கரணையும் கிடைக்க வழியுண்டு. ஆலை பரிந்துரைக்கும் ரகம் எதுவோ அதுவே பதிவாகும். குத்தகைக்குப் பயிரிடுபவர் நிலை இன்னும் மோசம். சிட்டா அவர் பெயரில் இல்லை. கடன் கிடைப்பது கடினம். அதனால் கரணையை உறவினர் வயலில் வாங்குகிறார். உறவினர் வயலிலும் இருப்பது அதே ரகம். ஆலையின் வெட்டு உத்தரவுக்கும் வெட்டாட்களுக்கும் காத்திருக்கும் ஒரு ஏக்கர்காரர், வேறு காலத்தில் முதிரும் புது ரகத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிவதில்லை. ஒரு பருவம் தவறினால் வட்டி ஏறும்.

ஒரே ரகத்தை நம்புவதன் ஆபத்து இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கடலூரில் உருவான கோ.சி. 671 சர்க்கரைச் சத்தில் பெயர் பெற்றது. கோ 86032-இன் பெற்றோர் ரகங்களில் அதுவும் ஒன்று. செவ்வழுகல் நோய் கோ.சி. 671-ஐத் தமிழ்நாட்டு வயல்களிலிருந்து துரத்தியது. உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டியிருந்தபோது அதே நோய் புகுந்து, விவசாயிகளை அவசரமாக ரகம் மாற்ற வைத்தது. செவ்வழுகல் கரணை வழியாகவே முக்கியமாகப் பரவும். ஒரே ரகக் கரணை கைமாறும் ஊரில் அதற்குத் தடையே இல்லை.

புது ரகம் வெளியிடுவதோடு வேலை முடிந்துவிடாது. மாற்று ரகத்தை நடும் சிறு விவசாயிக்கு முதல் ஆண்டு இழப்பை ஆலையும் அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும். குத்தகைதாரருக்கும் நோயற்ற நாற்றங்கால் கரணை கொடுக்க வேண்டும். விவசாயிகளும் கரணை வெட்டும்போது உள்ளே சிவந்து, குறுக்கே வெண்திட்டுகளோடு புளித்த வாடை அடித்தால், அந்த வயலிலிருந்து விதைக்கு எடுக்கக் கூடாது.