தவறான கதவைத் தட்டியவரின் உயிர்: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களும் அன்றாட வாழ்வும்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பறிக்கலாகாது என்கிறது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இலும், பொது இடத்திற்கு அதை எடுத்துச் செல்வதும் அவ்வுரிமையில் அடங்கும் என்று 2022இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அங்கு நூறு பேருக்கு ஏறத்தாழ 120 துப்பாக்கிகள் பொதுமக்களிடம் உள்ளன. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் இல்லாமலேயே அவற்றை மறைத்து எடுத்துச் செல்லலாம்.

இதனால், எதிரில் நிற்பவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடும் என்ற எண்ணம், சாலையில் எழும் வாக்குவாதம் முதல் காவலர் வாகனத்தை நிறுத்தும் தருணம் வரை எல்லாவற்றிலும் ஊடுருவுகிறது. விலகிச் செல்ல வழியிருந்தால் விலக வேண்டும் என்பது பொது இடத் தற்காப்புக்கான பழைய நெறி. 2005இல் புளோரிடாவும் பின்னர் வேறு பல மாநிலங்களும் அக்கடமையை நீக்கின. அங்கெல்லாம், சுட்டவரின் அச்சம் நியாயமானதா என்பதே வழக்கின் மையக் கேள்வியாகிறது. வீட்டு வாசலிலும் இதே கேள்வி எழுகிறது. 1992இல் லூசியானாவில் முகவரி தவறி வேறொரு வீட்டிற்குச் சென்ற 16 வயது ஜப்பானிய மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றவியல் வழக்கில் விடுவிக்கப்பட்ட வீட்டுக்காரர், உரிமையியல் வழக்கில் இழப்பீடு செலுத்தப் பணிக்கப்பட்டார். 2023இல் நியூயார்க் மாநிலத்தில் தவறான வீட்டு வளாகத்திற்குள் நுழைந்த காரில் இருந்த இளம்பெண்ணைச் சுட்டுக் கொன்றவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு எதுவாயினும், அது உயிர் போன பிறகே வருகிறது.

ஆகவே முன்தடுப்பே முதன்மைத் தீர்வு. தமக்கோ பிறருக்கோ தீங்கிழைக்கக்கூடியவரிடமிருந்து துப்பாக்கியை நீதிமன்ற ஆணையால் தற்காலிகமாக அகற்ற வழிசெய்வது 'சிவப்புக் கொடிச் சட்டம்'; 1999இல் கனெக்டிகட்டில் தொடங்கிய இம்முறை இன்று இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது, பலவற்றில் குடும்பத்தாரே நீதிமன்றத்தை அணுகலாம். குடும்ப வன்முறைக்காகத் தமக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தை 2024இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. காவலர் வாகனத்தை நிறுத்தினால் கைகளை வெளியே தெரியும்படி வைப்பதும், எதையும் எடுக்குமுன் சொல்வதும் உயிர்காக்கும் பழக்கங்கள். பாதிக்கப்பட்டோர் மாநில அரசின் குற்ற இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதால், ஆயுதத்தைப் பூட்டி வைப்பதும், மனம் தளர்ந்தோர் 988 என்ற உதவி எண்ணை அழைப்பதும் இன்றியமையாதவை.

ஆயுதம் ஏந்தும் உரிமையைக் காக்கும் சட்டம், கதவைத் தட்டும் அந்நியரின் உயிரையும் அதே அக்கறையோடு காக்க வேண்டும்.