முதல் வீடு கட்டுமுன் ஒரு கணக்கு

ஒரு மூட்டை யூரியாகூட என் நிலத்தில் போடமாட்டேன் என்கிறவர், அதே நிலத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை சிமெண்ட் இறக்குகிறார். வீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நிலத்துக்குப் பார்க்கிற கணக்கை வீட்டுக்கும் பாருங்க என்கிறேன்.

தவணைக் கணக்கு

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் முதலில் கடன். 10 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 9,000 ரூபாய். முடிக்கும்போது 21.6 லட்சம் கட்டியிருப்பீர்கள். சம்பளக்காரருக்கு மாசாமாசம் பணம் வரும்; நமக்கு அறுவடைக்குத்தான் வரும். மண் தேறும்வரை முதல் இரண்டு மூன்று வருஷம் விளைச்சலும் குறையலாம். அந்த நேரத்தில் தவணை நெருக்கினால், கை தானாக உரக்கடைப் பக்கம் போகும். அதனால் 600 சதுர அடியில் ஆரம்பியுங்கள். பின்னால் ஒரு அறை சேர்க்க ஒரு பக்கம் இடம் விட்டு வையுங்கள். கடனில் குறைக்கிற ஒவ்வொரு லட்சமும் 2.16 லட்சம் மிச்சம்.

சுவருக்கு மண்

செங்கல் சூளைக்குப் போவது பெரும்பாலும் யாரோ ஒருவர் வயலின் வளமான மண். நமக்கோ பண்ணைக்குட்டை எப்படியும் வேண்டும். 20 அடிக்கு 20 அடி, 5 அடி ஆழம் வெட்டினால் 2,000 கன அடி மண். மேலே உள்ள ஓரடி மண்ணைத் தனியாகக் குவித்துத் தோட்டத்துக்கு வையுங்கள். அடிமண்ணில் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, அச்சு இயந்திரத்தில் அழுத்தி, 4 வாரம் ஈரம் காயாமல் வைத்தால் சுடாத கல் தயார். ஆரோவில்லில் இந்தக் கல்லில் கட்டிய மாடி வீடுகளே இருக்கின்றன. நேரில் போய்ப் பார்த்துட்டு வாங்க.

எல்லா மண்ணும் ஆகாது. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குலுக்கி, ஒரு நாள் வையுங்கள். மணல் அடியிலும் களி மேலேயும் படியும். பாதிக்குமேல் மணலும், ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்லது. கரிசல் மண் உப்பும், வெடிக்கும். அதை அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

செங்கல்தான் என்றால்

லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் நாலில் ஒரு பங்கு குறையும். வெயிலின் சூடும் உள்ளே எளிதில் இறங்காது. கூரைக் காங்கிரீட்டின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை வைத்தால் காங்கிரீட்டும் குறையும். இரண்டுக்கும் பழகிய கொத்தனாரும், கம்பிக் கணக்குக்குப் பொறியாளரும் வேண்டும்.

கூரையும் வயல்தான்

600 சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 55 லிட்டர். வருஷம் 900 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில், கொஞ்சம் வீணானாலும் 40,000 லிட்டர் கிடைக்கும். அதைக் குட்டைக்கோ தொட்டிக்கோ திருப்பும் குழாயை வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கடன் வாங்குவதாக இருந்தால், மண்கல் சுவருக்கும் கடன் தருவார்களா என்று அஸ்திவாரம் தோண்டுமுன் கிளையில் கேளுங்கள். விவசாய நிலத்தில் கட்ட என்ன அனுமதி வேண்டும் என்று ஊராட்சியிலும் கேட்டுவிடுங்கள். அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வங்கியில் கோப்பு நகராது.