மின்னூர்திவழி வீட்டு மின்வழங்கல்

மின்னூர்திவழி வீட்டு மின்வழங்கல் என்பது, மின்சாரத்தால் இயங்கும் மகிழுந்து அல்லது சிறு சரக்குந்து ஒன்றின் மின்கலத் தொகுதியில் சேமிக்கப்பட்டுள்ள ஆற்றலை, மின்தடையின் போது வீட்டுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் முறை ஆகும். பொதுவாக வீடுகளில் இதற்கு இன்வெர்ட்டரும் ஈய-அமில மின்கலமும் பயன்படுகின்றன. மின்னூர்தியின் மின்கலம் அதைவிடப் பன்மடங்கு ஆற்றலைத் தேக்கி வைக்கக்கூடியது. எனினும் முறையான இணைப்பு இன்றி இதனைப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்தானது.

வரலாறு

2011 ஆம் ஆண்டு மார்ச் மாதம் சப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் தொடர்ந்து அந்நாட்டில் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. இதன் பின்னர், 2012 இல் நிசான் நிறுவனம் தனது லீஃப் மகிழுந்திலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் வரை மின்சாரம் வழங்கும் கருவியை அறிமுகப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவில் 2022 இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்னும் மின் சரக்குந்து, 9.6 கிலோவாட் வரை வழங்கி ஒரு முழு வீட்டையே இயக்கும் வசதி கொண்டிருந்தது.

இந்தியாவில் 2023 சனவரியில் ஹூண்டாய் அயோனிக் 5, அதே ஆண்டு செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட டாட்டா நெக்சான் ஆகிய மின் மகிழுந்துகள் வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் வழங்கும் வசதியுடன் வெளிவந்தன. 2025 இல் அறிமுகமான ஹூண்டாய் கிரெட்டா மின் மகிழுந்திலும் இவ்வசதி உண்டு. இது காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள திருப்பெரும்புதூர் பகுதியில் தயாரிக்கப்படுவதாகும்.

செயற்படும் முறை

மின்கலத்தில் உள்ளது நேர் மின்னோட்டம். வீட்டுக் கருவிகளுக்குத் தேவைப்படுவது 230 வோல்ட், 50 ஏர்ட்சு மாறுமின்னோட்டம். ஊர்திக்குள்ளோ, வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்ட பெட்டிக்குள்ளோ உள்ள மின்னணுச் சுற்று இம்மாற்றத்தைச் செய்கிறது. இதில் இரு வகைகள் உள்ளன.

* ஊர்தியிலிருந்து கருவிக்கு: ஊர்தியின் மின்னேற்றும் துளையில் இணைப்பி ஒன்றைச் செருகி, அதிலிருந்து நீட்டிப்புக் கம்பி மூலம் கருவிகளை நேரடியாக இயக்குவது. மேற்கூறிய இந்திய மகிழுந்துகளில் உள்ளது இவ்வகையே. இதன் திறன் பெரும்பாலும் 3 முதல் 3.6 கிலோவாட் வரை இருக்கும்.
* ஊர்தியிலிருந்து வீட்டுக்கு: வீட்டின் மின்பலகையுடன் நிலையாக இணைக்கப்பட்ட இருவழி மின்னேற்றி மூலம் வழங்குவது. மின்தடை ஏற்பட்டதும் இது வீட்டை வெளிக்கம்பியிலிருந்து துண்டித்துவிட்டு, பின்னரே மின்சாரம் தரும்.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, முதல் வகையை இரண்டாவதைப் போலப் பயன்படுத்த முயல்வதே விபத்துகளுக்கு வழிவகுக்கிறது.

எடுத்துக்காட்டுக் கணக்கு

மதுரையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள மேலூரில் ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். மின்தடை நாளில் அவ்வீட்டின் இன்றியமையாத தேவைகள் பின்வருமாறு அமையலாம் (1 யூனிட் = 1 கிலோவாட் மணி):

* 75 வாட் மின்விசிறி மூன்று, 12 மணி நேரம்: 2.7 யூனிட்
* குளிர்பதனப் பெட்டி, ஒரு நாள்: 1.2 யூனிட்
* 9 வாட் விளக்கு ஆறு, 6 மணி நேரம்: 0.3 யூனிட்
* தொலைக்காட்சி, 4 மணி நேரம்: 0.3 யூனிட்
* கைபேசி முதலியன: 0.3 யூனிட்
* 1 குதிரைத்திறன் நீரேற்றி, அரை மணி நேரம்: 0.5 யூனிட்

மொத்தம் நாளொன்றுக்கு 5.3 யூனிட். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி கொண்ட வழக்கமான இன்வெர்ட்டர் மின்கலத்தில் முழுமையாக மின்னேற்றினாலும் 1.8 யூனிட்டே அடங்கும். அது மின்விசிறிகளுக்கும் விளக்குகளுக்கும் சில மணி நேரமே போதும்.

மாறாக, 40 யூனிட் கொள்ளளவுள்ள மகிழுந்து 80 விழுக்காடு மின்னேற்றத்துடன் நிற்கிறது எனக் கொள்வோம். அதில் உள்ளது 32 யூனிட். முழுவதையும் வீட்டுக்குச் செலவிடுதல் கூடாது. நள்ளிரவில் ஒருவரை மேல்சிகிச்சைக்காக மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், போய்வர 60 கி.மீ. ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் எனக் கணக்கிட்டால் இதற்கு 9 யூனிட் தேவை. எனவே 10 யூனிட்டை ஒதுக்கிவிட வேண்டும். மீதமுள்ள 22 யூனிட்டில் மாற்று இழப்பு 15 விழுக்காடு போக 18.7 யூனிட் கிடைக்கும். இது மூன்றரை நாட்களுக்குப் போதுமானது. இரவு முழுவதும் குளிரூட்டியை இயக்கினால் நாளொன்றுக்கு மேலும் 8 யூனிட் செலவாகி, இக்காலம் ஒன்றரை நாளுக்கும் குறைவாகிவிடும்.

பாதுகாப்பு

இருபுறமும் செருகிகள் கொண்ட கம்பி ஒன்றைச் செய்து, ஊர்தியின் மின்சாரத்தை வீட்டுச் சுவரிலுள்ள துளை வழியாகச் செலுத்தும் வழக்கம் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. முதன்மைச் சாவி அணைக்கப்படாதிருந்தால், அம்மின்சாரம் தெருக்கம்பிக்குப் பாயும். தெருவிலுள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டை வீட்டு மின்னழுத்தமாகக் குறைப்பது போலவே, எதிர்த்திசையில் வரும் மின்சாரத்தை உயரழுத்தமாகக் கூட்டவும் வல்லது. பெரும்பாலும் அண்டை வீடுகளின் சுமை தாங்காமல் ஊர்தியின் வழங்கல் தானே நின்றுவிடும். ஆனால் கம்பி அறுந்து தனித்துக் கிடக்கும் இடத்தில் அவ்வாறு நிற்காது.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கசா புயலில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த மின்வாரியப் பணியாளர்கள் வயல்களில் இறங்கி அவற்றை நட்டனர். இத்தகைய வேளையில் ஒரு வீட்டிலிருந்து கசியும் மின்சாரம், கம்பியில் கைவைக்கும் பணியாளரின் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

ஆகவே வீட்டு மின்பலகையுடன் இணைப்பதாயின், வெளிக்கம்பி, ஊர்தி இரண்டும் ஒரே நேரத்தில் இணைய இயலாதவாறு அமைந்த சேஞ்ச் ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே பொருத்த வேண்டும். சில ஊர்திகளின் வெளியீட்டில் நடுநிலைக் கம்பி நிலத்துடன் இணைக்கப்பட்டிருப்பதில்லை. அந்நிலையில் வீட்டின் கசிவு முறிப்பான் எதிர்பார்த்தபடி செயற்படாமல் போகலாம். இவ்வசதி இல்லாத வீடுகளில், தேவையான கருவிகளை நீட்டிப்புக் கம்பியில் தனித்தனியே இயக்குவதே பாதுகாப்பான வழி.

வரம்புகள்

* மேலூர் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்துக்குப் பயன்படும் 5 குதிரைத்திறன் நீரேற்றிகள் மும்முனை மின்சாரத்தில் இயங்குபவை. ஒருமுனை மின்சாரம் தரும் ஊர்தியால் அவற்றை இயக்க இயலாது.
* மின்னோடிகள் தொடங்கும் கணத்தில் இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எனவே நீரேற்றியையும் குளிர்பதனப் பெட்டியையும் ஒரே நேரத்தில் தொடங்குதல் கூடாது.
* மின்வலையுடன் இணைந்த கூரைச் சூரியத் தகடுகள் மின்தடையின் போது தாமாகவே நின்றுவிடும். ஆகவே அவற்றைக் கொண்டு ஊர்திக்கு மின்னேற்ற முடியும் என்று நம்பியிருக்கலாகாது.
* துணைமின்நிலையப் பராமரிப்புக்கான மின்தடையும் புயல் எச்சரிக்கையும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. முந்தைய இரவே மின்னேற்றாத ஊர்தி, மறுநாள் பயன்படாது.