மெழுகு உருகினால் நீர் தூயது



நம் வீடுகளில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால் முதலில் எழுவது அன்னையின் குரலே. "பச்சைத் தண்ணீர் குடியாதே, கொதித்தாறிய தண்ணீரைக் குடி" என்பாள். தலைமுறை தலைமுறையாக நம் குடும்பங்களைக் காத்து வரும் அறிவுரை இது. அடுப்பிலே நீர் குமிழியிட்டுக் கொதிப்பதைக் கண்டதும் இனி அச்சமில்லை என நாம் அமைதி கொள்கின்றோம். குமிழியே நமக்கு அடையாளம். ஆனால், அந்தக் குமிழி எழும் வரை எரிப்பதற்கு விறகில்லாத வீட்டில் ஓர் அன்னை என்ன செய்வாள்?

2022ஆம் ஆண்டில் உலகில் 220 கோடி மக்கள் பாதுகாப்பான முறையில் வழங்கப்படும் குடிநீர் இன்றி வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் அமைப்பும் வெளியிட்ட கணக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட 4 இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை வயிற்றோட்டம் ஆண்டுதோறும் பலி கொள்கின்றது. இக்குழந்தைகளைப் பெற்ற அன்னையர் கவனமற்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பல மணி நேரம் நடந்து பொறுக்கிய ஒரு கட்டு விறகு கையில் இருக்கும்போது, அதைக் கொண்டு கஞ்சி காய்ச்சுவதா, நீரைக் கொதிக்க வைப்பதா என்னும் கேள்வி அவர்கள் முன் நிற்கின்றது. பசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்த எந்தத் தாயும் கஞ்சியையே தெரிவு செய்வாள். நீர் பச்சையாகவே குடிக்கப்படும்.

உண்மையில், கிருமிகளை அழிப்பதற்கு நீர் கொதிக்க வேண்டும் என்பதில்லை. பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், திராட்சை இரசத்தைக் கொதிக்க விடாமல் மிதமாகச் சூடாக்கிக் கெடாது காக்கும் வழியை 1860களில் கண்டறிந்தார். இன்று பாலைப் பாதுகாப்பதும் அதே முறையே. 1984ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சக்ரமென்டோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியற் பேராசிரியர் ரொபேட் மெற்காவ், தம் மாணவர் டேவிட் சியொகெட்டியுடன் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். மாசடைந்த நீரைச் சூரிய அடுப்பில் வைத்து 65 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினாலே அது குடிக்கத் தக்கதாகும் என்பது அதன் முடிவு. வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கமாரி ஆகியவற்றை நீர்வழி பரப்பும் கிருமிகள் அந்த வெப்பத்தில் சில நிமிடங்கள் இருந்தாலே செயலிழந்து போகின்றன.

இதன் பயனைச் சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். 25 பாகையில் உள்ள நீரைக் கொதிக்க வைப்பதற்கு 75 பாகை ஏற்ற வேண்டும். 70 பாகை வரை கொண்டு செல்வதற்கு 45 பாகை போதும். ஐந்தில் இரண்டு பங்கு வெப்பம் மீதமாகின்றது. வெயில் நன்கு எறிக்கும் இடமாயின் விறகே தேவையில்லை. அட்டையில் வெள்ளித் தாள் ஒட்டி மடித்த எளிய சூரிய அடுப்பில், கறுப்புப் பாத்திரமொன்றிலே நீரை வைத்தால் கதிரவனே அப்பணியைச் செய்து முடிப்பான்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. 65 பாகையில் குமிழி எழாது. வெப்பமானியோ விலை கூடியது, எளிதில் உடைவது, எண் வாசிக்கத் தெரிந்தவர்க்கே பயன்படுவது. நீர் பாதுகாப்பாகிவிட்டது என்பதை எழுத்தறியாத ஒரு தாய் எவ்வாறு அறிவாள்?

இதற்கு விடையாக வந்ததே ஒரு சிறிய மெழுகுக் குழாய். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் பணியாற்றிய பிரெட் பரெட் 1988இல் இக்கருத்துக்கு முதல் வடிவம் கொடுத்தார். பின்னர் பேர்க்லி பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர் டேல் அன்ட்ரியாட்டாவும் உடனுழைத்தோரும் அதனை இன்றைய வடிவுக்குக் கொண்டு வந்தனர். விரலளவான தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று. அதனுள்ளே சோயாவிலிருந்து பெறப்பட்ட மெழுகு சிறிதளவு. குழாயின் இரு முனைகளும் மூடப்பட்டிருக்கும். மெழுகு மேலே இருக்குமாறு குழாயை நீர்ப் பாத்திரத்தின் அடியில் நிறுத்த வேண்டும். ஏறக்குறைய 70 பாகையில் மெழுகு உருகிக் குழாயின் கீழ் முனைக்கு வழிந்து விடும். மெழுகு கீழே இறங்கியிருந்தால் நீர் தூயது. மேலேயே இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஆறியதும் மெழுகு மீண்டும் உறையும். குழாயைத் தலைகீழாகத் திருப்பி மறுநாளும் பயன்படுத்தலாம். மின்சாரம் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம்.

இதைச் செய்வதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. செய்முறை ஒளிவு மறைவின்றி வெளியிடப்பட்டிருப்பதால், தொண்டர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து குழாயை வெட்டி, மெழுகை உருக்கி இட்டு, முனைகளைச் சூடாக்கி அழுத்தி மூடிவிடலாம். கைவேலை சிறிதே. ஆனால் கவனம் பெரிது. முனை சரியாக மூடப்படாவிடின் நீர் உட்புகும். வேறு மெழுகை இட்டால் அடையாளமே பொய்த்துவிடும். பொய்யான அடையாளத்தை நம்பி ஒரு குழந்தை நோய்ப்படும். தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு குழந்தையின் உயிர் தம் விரல்களில் தங்கியிருக்கின்றது என்னும் உணர்வோடு செய்ய வேண்டிய பணி இது.

கென்யாவின் வடமேற்கிலுள்ள ககுமா அகதி முகாமில், 1995 முதல் சோலார் குக்கர்ஸ் இன்டர்நஷனல் என்னும் அமைப்பு சூரிய அடுப்பைப் பழக்கியது. வறண்ட அம்மண்ணில் விறகு தேடிச் செல்வது அகதிப் பெண்களுக்கு ஆபத்தாகவும் அயல் மக்களோடு பிணக்காகவும் முடிந்தது. அதே நாட்டின் மேற்கே நியாகாச் பகுதியில், 2003இல் அவ்வமைப்பு தொடங்கிய திட்டத்தில், உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று, சூரிய அடுப்பையும் மெழுகுக் குழாயையும் தம் அயலவரிடம் கொண்டு சென்றனர். பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தால் அது சிறுவரின் விளையாட்டுப் பொருளாகியிருக்கும். அயல்வீட்டுப் பெண் அருகிருந்து காட்டியபோதே அது அறிவாயிற்று.

இக்கருவியின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். வெப்பம் கிருமியைக் கொல்லும், இரசாயனத்தை அகற்றாது. நம் யாழ். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், பசளையிலிருந்து கிணறுகளுக்குள் கசியும் நைத்திரேற்றைக் கொதிக்க வைப்பதாலும் நீக்க முடியாது. மேலும், தூய்மையாக்கிய நீரை அழுக்குக் குவளையால் மொண்டால் பட்ட பாடெல்லாம் வீணே. மூடிய, வாய் ஒடுங்கிய பாத்திரத்தில் அதனைப் பேண வேண்டும்.

அன்பு நெஞ்சங்களே, கானாவூர்த் திருமணத்தை (யோவான் 2) நினைவில் கொள்ளுங்கள். ஆறு கற்சாடிகளையும் விளிம்பு வரை நீரால் நிரப்பியவர்கள் பணியாளர்கள். பந்தி மேற்பார்வையாளன் மணமகனையே பாராட்டினான். இரசம் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குத் தெரியாது. நீர் மொண்ட பணியாளருக்கே தெரியும் என்கின்றார் நற்செய்தியாளர். அவர்களுடைய பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. ஆண்டவரின் முதல் அரும் அடையாளத்துக்கு அவர்கள் கொடுத்தது தோள்வலியும் கீழ்ப்படிவுமே. மேசையைச் சுற்றி அமர்ந்து மெழுகுக் குழாய் செய்யும் தொண்டரையும் நான் அவ்வரிசையிலேயே காண்கின்றேன்.

நம் ஊர்களைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். நீர்த் தாங்கிகளிலும் கிணற்றுக் கட்டுகளிலும் வழங்கியவர் பெயர் பளிங்கில் துலங்குகின்றது. சில இடங்களில் குழாயைத் திறந்தால் காற்றே வருகின்றது. திறப்பு விழாவுக்குச் சென்றோம், படம் எடுத்தோம், அதன் பின் சென்று பார்த்தோமா? கொடுப்பவரின் மனநிறைவுக்காகக் கொடுக்கப்பட்டது வேறு, பெறுபவரின் தாகத்தை அறிந்து கொடுக்கப்பட்டது வேறு. எதையேனும் கொடுப்பதற்கு முன், "உமக்கு எது குறை?" என்று கேட்போம். கொடுத்த பின், ஓர் ஆண்டு கழித்தேனும் திரும்பிச் சென்று அது பயன்படுகின்றதா எனப் பார்ப்போம். நம் பங்கின் அன்பியங்களும் இளைஞர் ஒன்றியங்களும் இதை ஒரு வழக்கமாக்கிக் கொள்ளட்டும்.

உருகும் மெழுகுதிரியைத் தியாகத்தின் உருவமாக நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். நீரின் அடியில் யார் கண்ணிலும் படாது உருகும் இந்த மெழுகோ, "இனி உன் பிள்ளைக்குத் துணிந்து கொடு" என்று ஒரு தாய்க்குச் சொல்கின்றது. அந்தத் துணிவைக் கொடுத்த கையின் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அது போதும்.