மூட்டுக்குள் கசியும் ரத்தம்

ஹீமோஃபிலியா உள்ள குழந்தைக்குச் சின்னக் கீறல் பட்டாலே ரத்தம் நிற்காமல் கொட்டும் என்று பலரும் பயப்படுகிறார்கள். கீறலை அடைக்க முதலில் ஓடிவருபவை தட்டணுக்கள். இந்தக் குழந்தைகளிடம் அவற்றுக்குக் குறைவில்லை. தட்டணுக்கள் அடுக்கும் செங்கலுக்குப் பூச்சு போடுகிற புரதம்தான் போதவில்லை: ஏ வகையில் எட்டாம் காரணி, பி வகையில் ஒன்பதாம் காரணி. அதனால் கீறலைவிட மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் மண்டைக்குள்ளும் கசியும் ரத்தத்துக்கே அஞ்ச வேண்டும்.

நோய் எவ்வளவு கடுமை என்பதைக் காரணியின் அளவு சொல்லிவிடும். 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கடுமை. 1 முதல் 5 வரை நடுத்தரம். அதற்கு மேல் 40க்குள் லேசானது. லேசான வகைக்காரர்கள் பல் பிடுங்கும் நாள்வரை எதுவும் தெரியாமலே வளர்ந்துவிடுவதுண்டு.

கடுமையான வகை பெரும்பாலும் தவழும் பருவத்திலேயே தன்னைக் காட்டிவிடும். தூக்கியவர் விரல் பதிந்த விலாப்புறத்தில் நீலத் தடம்; தடவிப் பார்த்தால் உள்ளே உருண்டையாகக் கட்டி. தடுப்பூசி போட்ட தொடை பெரிதாக வீங்கும். நடை பழகியதும் கணுக்கால், முழங்கால், முழங்கை என மூட்டுகளில் அடிபடாமலே ரத்தம் சேரும். பேச்சு வராத பிள்ளை ஒரு காலை ஊன்ற மறுக்கும், ஒரு கையை மடக்கியே வைத்திருக்கும். வீக்கம் தெரியும் முன்பே அந்த மூட்டு தொட்டால் சுடும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டால் கசிவு கூடத்தான் செய்யும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் சேர்ந்தால் குருத்தெலும்பு அரித்துப்போய், பள்ளிப் பருவத்திலேயே கால் மடங்காமல் போகலாம்.

ஹீமோஃபிலியா இருந்த ரஷ்ய இளவரசர் அலெக்சேய் 1904இல் பிறந்தார். சில வாரங்களிலேயே தொப்புளில் ரத்தம் கசிந்தது. ஆனால் 1912இல் அவரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனது தொடையிலும் அடிவயிற்றிலும் உள்ளுக்குள் நடந்த கசிவு. அது பி வகை என்று எலும்பின் மரபணுவைச் சோதித்து 2009இல் கண்டறிந்தார்கள்.

“எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே” என்பது சமாதானம் ஆகாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் முன்னோர் யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது. நோய் இருப்பது தெரிந்த பிள்ளைக்கு, எந்த வகையானாலும், தலையில் பலமாக அடிபட்டால் முதலில் காரணி ஊசி, அதற்குப் பிறகுதான் ஸ்கேன்.

காரணமில்லாத நீலத் தடங்களோ மூட்டு வீக்கமோ கண்டால் ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் கொடுக்காதீர்கள். ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. சோதனை லேசான வகையைத் தவறவிடலாம். காரணியின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காரணி ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள்.